எது முதலில் போனால் என்ன

“நிறம் மாறவே இல்ல சார்” என்று அண்ணி சொன்னபோது நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் இயக்குநரின் மேசையைப் பார்த்துச் சொன்னார். “பல தடவ செஞ்சு பாத்துட்டேன். மருந்து எவ்வளவு விட்டாலும் சிவப்பு சிவப்பாவே நிக்குது. இவங்க டிஎன்ஏ இழை அந்த மருந்தப் பிடிக்குதுங்கறதுக்கு இதுல ஆதாரம் இல்ல.”

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“என் மேசையில மாறுது சார்.”

“அவங்க மேசையில மாறலையே.”

“அப்ப அவங்க மேசையிலதான் ஏதோ கோளாறு.”

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அது எங்கள் நிறுவனத்தில் காவலாளி வரைக்கும் தெரிந்த சங்கதி. இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு கூடுவதற்குள் நானாக வேலையை நிறுத்திக்கொண்டால் மரியாதையாக இருக்கும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். தங்கத்தில் நான் செய்யும் ஆய்வை மூடிவிட்டு என்னை வேறொருவர் குழுவில் சேர்த்துவிடுவாராம். தண்ணீரில் ஈயம் அளக்கும் குழு. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அது என் வேலை இல்லை.

அண்ணி என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. மூலக்கூறுகளின் வடிவத்தைப் பார்க்கும் பெரிய காந்த இயந்திரம் இந்த நகரத்திலேயே அவருடைய ஆய்வகத்தில்தான் இருக்கிறது. எது எப்படி மடிந்திருக்கிறது, எது எதைப் பிடித்திருக்கிறது என்பதில் அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அதனால்தான் என் வேலையைச் சரிபார்க்க அவரிடமே கொடுத்தார்கள். சொந்தக்காரர் ஆயிற்றே, சலுகை காட்டிவிடப் போகிறார் என்று குழுவில் ஒருவர் சந்தேகப்பட்டாராம். பாவம், அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள்கூடச் சாப்பிட வந்ததில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கம் காய்ச்சுகிறவள். தங்க உப்பு கரைந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் எலுமிச்சையின் புளிப்பிலிருந்து வரும் ஓர் உப்பைச் சேர்த்தால், வெளிர் மஞ்சள் போய், ஒரு கணம் மைக்கறுப்பாகி, பிறகு மாதுளைச் சாறு போலச் சிவந்து வரும். அந்தச் சிவப்பு முழுவதும் தங்கத் துகள்கள். கண்ணுக்கும் தெரியாது, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாது, அவ்வளவு பொடி. இதற்காக நிறுவனத்தில் எனக்கு ‘பொற்கொல்லி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் பூச்சிக்கொல்லி மாதிரி இருக்கிறது என்று முதலில் சண்டை போட்டேன். என் குணத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சிவப்புத் தண்ணீரில் உப்புநீரை விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, நிறம் நீலமாகிவிடும். ஆனால் உப்புக்கு முன்னால் டிஎன்ஏ இழையைப் போட்டுவைத்தால், அது துகளின் மேல் விரித்த கை போலப் படுத்துக்கொண்டு காவல் காக்கும். அப்போது எவ்வளவு உப்பு விட்டாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். அதே இழை ஒரு மருந்தைப் பிடித்துக்கொண்டு முஷ்டி போல மடங்கிவிட்டதென்றால், மடங்கிய கை தங்கத்தில் ஒட்டாது. காவல் போச்சு, நீலம் வந்துவிடும். இழை மடங்கியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா, எதையாவது பிடித்திருக்கிறதா என்பதைக் கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரம் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்துவிடலாம்.

நான் கண்டுபிடித்த இழை, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் சாப்பிடும் ஒரு மருந்தைப் பிடிக்கிற இழை. அந்த மருந்து ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்காது. கொஞ்சம் கூடினால் அந்த மருந்தே அதைக் கெடுத்துவிடும். அளந்து பார்க்க இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். என் இழை உண்மையென்றால் எந்தச் சின்ன மருத்துவமனையிலும் ஒரு சொட்டில் பார்த்துவிடலாம். இழை உண்மையா என்பதுதான் கேள்வி. நிறம் மாறவில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். மூன்று வருஷம் நான் எதைப் பார்த்து நீலம் நீலம் என்று குதித்தேனோ என்று எனக்கே அன்று ராத்திரி சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும் என்பதால் போனேன். என் அண்ணன் பல் டாக்டர். நாளெல்லாம் ஊரார் வாயைத் திறக்க வைக்கிறவன், வீட்டில் தன் வாயைத் திறக்க மாட்டான். அன்றைக்கும் கதவைத் திறந்துவிட்டு, “வா” என்றான். அதோடு அவன் பங்கு முடிந்தது.

தட்டு வைத்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“அண்ணி, உங்க குழாயெல்லாம் சுத்தமா இருந்துச்சா? சோப்பு ஒட்டியிருந்தாகூட நிறம் மாறாது.”

“தங்கத்தையே கரைக்கற ராஜதிராவகத்துல கழுவி, அப்பறம் தண்ணியில பத்து தடவ அலசினேன். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

“உப்பு?”

“உன் ஆய்வகத்துலேர்ந்து வந்த உப்புநீர்தான்.”

“இழை?”

“அதுவும் நீ அனுப்புனதுதான். மருந்தும் நீ அனுப்புனது. தங்கமும் நீ காய்ச்சுனது. எல்லாம் உன்னோடது, கை மட்டும் என்னோடது. இப்ப சாப்பிடு.”

“அப்ப கையிலதான் தப்பு.”

அண்ணன் இருமினான். அது எங்கள் வீட்டில் எச்சரிக்கை மணி. அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

“இருவத்தஞ்சு வருஷமா இதத்தான் செய்யறேன். எது எதப் பிடிக்குதுன்னு பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. பிடிக்கறத குழாய்ல வச்சுக்கணும். பிடிபடறத கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஒவ்வொரு சொட்டுக்கும் அளந்து பாக்கணும். அப்படித்தான் செஞ்சேன். தங்கத்தையும் இழையையும் கலந்து வச்சுட்டு, மருந்த சொட்டு சொட்டா விட்டு—”

“என்னது?”

“என்ன என்னது?”

“தங்கத்தையும் இழையையும் முதல்ல கலந்துட்டீங்களா?”

“ஆமா. பின்ன?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது எழுந்தால் அண்ணனுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவனே என் தட்டை நகர்த்தி வைத்தான். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

காந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். அவர்கள் குழாயில் இழையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இருக்காது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட விட, இழை தன்பாட்டுக்கு அதைப் பிடித்து மடங்கும், இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவே கைப்பழக்கமாகிவிட்டது. என் குழாயிலோ மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறது, தங்கம். இழையைத் தங்கத்திடம் முதலில் கொடுத்துவிட்டால் அது படுத்துவிட்ட இழை. நீளம் முழுக்க ஒட்டிக்கொண்டுவிடும். அதற்கப்புறம் மருந்து வந்து கதவைத் தட்டினால் எழுந்திருக்குமா? என் மேசையில் நான் எப்போதும் இழையையும் மருந்தையும் முதலில் சந்திக்க விடுவேன். இழை மடங்கி முடிந்த பிறகுதான் தங்கம்.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அண்ணி நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“சமநிலைன்னு ஒண்ணு இருக்கு, மறந்துட்டியா? கொஞ்ச நேரம் விட்டா எல்லாம் அதோட அதோட எடத்துக்குப் போய்ச் சேந்துடும். எது முதல்ல போனா என்ன?”

“தங்கம் பிடிச்சா விடாது, அண்ணி.”

“விடாதுன்னு நீ சொல்ற.”

“ஆமா.”

“செஞ்சு பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. தங்கத்தை முதலில் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, பிறகு எங்கே செய்து பார்ப்பது?

“இன்னொண்ணும் இருக்கு” என்றார் அண்ணி. “நீ சொல்ற மாதிரியே இருக்கட்டும். உன் மேசையில நீலமாகறது இழை மடங்கறதாலன்னு எப்படித் தெரியும்? மருந்தே போய்த் தங்கத்துல ஒட்டி, இழையைத் தள்ளி விட்டிருந்தா? அப்பவும் நீலந்தான் வரும். நீ இழையப் பாக்கறியா, மருந்து தங்கத்தோட குடித்தனம் நடத்தறதப் பாக்கறியா?”

இதுதான் அண்ணி. ஒரு பிடி விட்டுவிட்டார் என்று நினைக்கும்போது குரல்வளையைப் பிடிப்பார். கேள்வி நியாயமான கேள்வி. டிஎன்ஏ எழுத்துக்களின் வரிசையைக் கலைத்துப்போட்ட ஓர் இழை என்னிடம் உண்டு. அதே நீளம், அதே சரக்கு, ஆனால் மருந்தைப் பிடிக்கத் தெரியாது. அதோடு மருந்தை வைத்துப் பார்த்தால் சிவப்பாகவே நிற்கும். அதைச் சொன்னேன்.

“எது எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா, நாம பாக்க ஆசப்படறதத்தான் பாப்போம்” என்றார் அண்ணி. “குழாய்களை நான் கலந்து கொண்டுவரேன். எதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது. நீ தங்கம் ஊத்திச் சொல்லு. ஒண்ணு தப்பாச் சொன்னாலும் நான் குழுவுல சொல்ல வேண்டியதச் சொல்லிடுவேன். சம்மதமா?”

“சம்மதம்.”

“சரி, உக்காந்து சாப்பிடு.”

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “ரெண்டு பேரும் பல்ல உடைச்சுக்கிட்டு என் கிளினிக்குக்கு வந்துடாதீங்க. பல்லு பிடுங்க மயக்க ஊசி போட மாட்டேன்.”

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தங்கத்தை முதலில் ஊற்றிப் பார்த்தேன். இழையைச் சேர்த்து, அப்புறம் மருந்து, அப்புறம் உப்புநீர். சிவப்பு. மருந்தைக் கூட்டினேன். சிவப்பு. மருந்தோடு அப்படியே வைத்துவிட்டுச் சாயங்காலம் உப்பு விட்டேன். அப்போதும் சிவப்பு. அண்ணி பார்த்தது பொய் இல்லை, அவர் கை சுத்தமான கை. அவருடைய ஒவ்வொரு சொட்டும் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, இழைதான் எழுந்திருக்கவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அண்ணி மேல் கொஞ்சம் மரியாதையும் வந்து தொலைத்தது.

குழு கூடுவதற்கு முந்தின நாள் மதியம் அண்ணி வந்தார். கையில் பனிக்கட்டிப் பெட்டி, அதில் ஒரு வரிசைக் குழாய்கள். மூடிகளில் எண் மட்டும் இருந்தது. என் பக்கத்து மேசைக்காரியையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். உப்புநீர் தயாரிப்பது அவள் வேலை என்பதால் அவளுக்கு ‘உப்பு’ என்று பெயர். என்னைவிட இரண்டு மடங்கு பேசுவாள். அன்றைக்கு அண்ணியைப் பார்த்ததும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உப்பு நீங்க விடுங்க” என்று அண்ணி அவளிடம் சொன்னார். “இவ தங்கம் மட்டும் ஊத்தட்டும்.”

குழிகள் கொண்ட வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் எடுத்துக் குழிக்கு ஒன்றாக விட்டேன். பிறகு தங்கம். தட்டு முழுக்க ஒரே சிவப்பு, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

உப்பு முதல் குழியில் உப்புநீர் விட்டாள். சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவதில் விட்டதும் ஓரத்திலிருந்து மங்கி, மெல்ல மெல்ல நீலம் படர்ந்தது.

“மூணுல மருந்தும் இருக்கு, சரியான இழையும் இருக்கு” என்றேன். “ஒண்ணும் ரெண்டும் பிடிக்காத குழாய்.”

அண்ணி அடுத்த குழியைக் காட்டினார்.

நான்காவது நீலம். ஐந்தாவது சிவப்பு. ஆறாவதில் உப்புநீர் விழுந்த நொடியே சட்டென்று நீலமாகிவிட்டது. சொட்டு விழுவதற்கும் நிறம் மாறுவதற்கும் இடையில் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற உப்பு, “ஆறும் பிடிச்சிருக்கு” என்று முந்திக்கொண்டாள்.

“இரு” என்றேன். மடங்கிய இழைகூடச் சற்று நேரம் தடுத்துப் பார்க்கும். இது ஆள் இல்லாத வீட்டில் திருடன் நுழைந்த மாதிரி நுழைந்துவிட்டது. “அண்ணி, இதுல இழையே இல்ல. வெறும் மருந்து, இல்லன்னா வெறும் தண்ணி.”

அண்ணியின் புருவம் கொஞ்சம் ஏறியது. “மேல போ.”

அடுத்ததெல்லாம் சரசரவென்று போயிற்று. கடைசிக் குழி வரை வந்துவிட்டோம். உப்பு விட்டாள். சிவப்பு மங்கியது. நான் நீலம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது நீலத்துக்குப் போகாமல் நடுவழியில் நின்றுவிட்டது. ஊதா. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. காத்திருந்தோம். உப்பு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ‘நீலம்னு சொல்லித் தொல’ என்று எழுதியிருந்தது. சொல்லியிருக்கலாம். பாதி பேர் நீலம் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருஷமும் அந்தக் குழிக்குள் கிடந்தது. ஒன்று தப்பானாலும் போச்சு.

“என்ன?” என்றார் அண்ணி.

“ஊதா.”

“அது எனக்கும் தெரியுது. உள்ள என்ன இருக்குன்னு சொல்லு.”

“சரியான இழைதான். மருந்தும் இருக்கு. ஆனா எல்லா இழைக்கும் போதற அளவுக்கு மருந்து இல்ல. பாதி மடங்கியிருக்கு, பாதி விரிஞ்சே கெடக்கு. நீங்க மருந்தக் கம்மியா விட்டிருக்கீங்க.”

அண்ணி கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, எங்கள் முன்னால் தட்டின் பக்கத்தில் விரித்து வைத்தார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. உப்புதான் குனிந்து, விரலை வைத்து ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது சரி. ஐந்தில் கலைத்துப்போட்ட இழையும் நிறைய மருந்தும் இருந்தன, ஆனாலும் சிவப்பு. மருந்து தங்கத்தோடு குடித்தனம் நடத்தவில்லை. ஆறில் தண்ணீர் மட்டும். கடைசியில் பாதி மருந்து.

“எல்லாம் சரி” என்றாள் உப்பு. பிறகு தன் சுபாவத்துக்கு வந்து, “எல்லாமே சரிடி” என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அண்ணியை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கையிலதான் தப்புன்னு சொன்னேனே, கேட்டீங்களா என்று ஆரம்பித்து ஒரு பெரிய பிரசங்கமே தயார். அது அத்தனையும் மறந்துபோயிற்று.

அண்ணி அந்த ஊதாக் குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். வேலை தெரிந்தவர் நல்ல வேலையைப் பார்க்கும்போது முகம் எப்படி மாறுமோ, அப்படி மாறியது.

“இத உன்ன மாட்டிவிடத்தான் வச்சேன்” என்றார். “நீலம்னு சொல்லுவே, இல்ல சிவப்புன்னு சொல்லுவே. ரெண்டுல எது சொன்னாலும், இவ ஆசையில பாக்கறான்னு சொல்லிடலாம்னு இருந்தேன்.”

“தெரியும், அண்ணி.”

“என்ன தெரியும் உனக்கு? எவ்வளவு மடங்கியிருக்குன்னு என் இயந்திரத்துல பாக்கறதுக்கு எனக்கு ஒரு ராத்திரி ஆகும். நீ ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டே சொல்லிட்டே.”

சொல்லிவிட்டு அவர் தட்டை மேசையில் வைத்தார். செல்போனை எடுத்து இயக்குநரைக் கூப்பிட்டார். வெளியே போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் எதிரிலேயே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சார், நாளைக்கு நான் குழுவுல பேசணும். இல்ல, மூடக் கூடாது… இல்ல சார், இவங்க செஞ்சதுல தப்பில்ல. நான் செஞ்சதுதான் தப்பு. தங்கத்த முதல்ல ஊத்திட்டேன்… ஆமா, நாந்தான்… நம்ம ஆளுங்க எல்லாரும் செய்யற தப்புதான், அதையும் சொல்றேன். நாளைக்கு இவங்களையே தட்டோட கூட்டிட்டு வரேன். எல்லாருக்கும் முன்னாடி செஞ்சு காட்டட்டும்.”

என் அண்ணி தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அண்ணனும் பார்த்திருக்க மாட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. என் கண் நிறைந்துவிட்டது, அதை நான் மறைக்கவும் இல்லை.

போனை வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார்.

“எதுக்கு அழற? ஜெயிச்சவ நீ.”

“அதான் அழறேன்.”

“சரி சரி. இந்தா, துடைச்சிக்கோ” என்று கைக்குட்டையைக் கொடுத்தார். பிறகு மேலங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு, என் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இப்ப எனக்கு ஒரு தட்டு குடு. இந்தத் தடவ நானே செய்யறேன். நீலம் என் கையாலயும் வருதான்னு பாக்கணும்.”

வந்தது.